பேரேடு கிடைக்கும், குறிப்பேடு யாருக்கு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கிளவுட் சேவையை விட்டு வேறொன்றுக்கோ சொந்த டேட்டா சென்டருக்கோ போகிற வாடிக்கையாளரிடம் மாறுதல் கட்டணம் என்று எதையும் 2027 ஜனவரி 12 முதல் வாங்கக் கூடாது என்கிறது அது. தரவை வெளியே எடுப்பதற்கான எக்ரெஸ் கட்டணமும் இதில் அடக்கம். சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் தரவுத்தளங்களைக் கவனித்துக்கொள்ளும் நம் வாசகர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. செலவைக் காரணம் காட்டி ஒத்திப்போடப்பட்ட இடமாற்றங்கள் இனி திட்ட அட்டவணைக்குள் வரும். எந்த ரெப்ளிகேஷன் முறையைப் பிடிப்பது என்ற கேள்வியும் கூடவே வரும்.

சட்டத்தை இவ்விதழ் வரவேற்கிறது. குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இடமாற்றம் என்றால் எக்ஸ்போர்ட் என்று நினைத்து எழுதப்பட்ட சட்டம் இது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை நிறுத்தாமல் நகர்த்தியவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

முதலில் கால அளவுகளைப் பார்ப்போம். 25ஆம் பிரிவின்படி முன்னறிவிப்புக் காலம் 2 மாதத்தைத் தாண்டக் கூடாது. அதன்பின் மாறுதல் காலம் அதிகபட்சம் 30 நாள். தொழில்நுட்ப ரீதியில் முடியாது என்றால் சேவையாளர் 14 வேலை நாட்களுக்குள் காரணத்தோடு தெரிவித்து 7 மாதம் வரை நீட்டிக்கலாம். வாடிக்கையாளரும் ஒரு முறை நீட்டித்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்த பிறகும் தரவை எடுத்துக்கொள்ளக் குறைந்தது 30 நாள் விட்டுவைக்க வேண்டும்.

40 டெராபைட் ஆரக்கிள் தரவுத்தளம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பு முழு மூச்சில் ஓடினாலும் தரவு கடக்க மூன்றே முக்கால் நாள் ஆகும். டைப் மாற்றம், எல்ஓபி, இண்டெக்ஸ் கட்டுவது எல்லாம் சேர்ந்தால் அது எத்தனை மடங்காகும் என்பது நமக்குத் தெரியும். முதல் லோடு ஒரே தடவையில் சரியாக வந்ததாகச் சொல்பவரை யாரும் நம்ப வேண்டாம். ஆகவே முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு ரெப்ளிகேஷனைத் தொடங்குகிறவர் அப்போதே பின்தங்கிவிட்டார். இவ்விதழின் பரிந்துரை நேர்மாறானது. ரெப்ளிகேஷனை முதலில் ஓடவிடுங்கள். லேக் சில நொடிகளுக்குள் தொடர்ந்து நிற்கட்டும், சரிபார்ப்பு சுத்தமாக வரட்டும். பிறகு முன்னறிவிப்புக் கடிதத்தை அனுப்புங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. முன்னறிவிப்புக்கு முன்பே இரண்டு அமைப்புகளும் சேர்ந்து ஓடினால் அது மாறுதலா, இணைப் பயன்பாடா? 34ஆம் பிரிவு இணைப் பயன்பாட்டைத் தனியாக வைக்கிறது. அதில் எக்ரெஸ் செலவை, அடக்க விலையில்தான் என்றாலும், 2027க்குப் பிறகும் வாடிக்கையாளரிடம் வாங்கலாம். டம்ப் எடுத்துப் போகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. மாற்றங்களைத் தொடர்ச்சியாக அனுப்பிக்கொண்டே நகர்கிறவருக்கு, கட்ஓவருக்குப் பின்னும் பழைய அமைப்பை எதிர்த்திசையில் உயிரோடு வைத்திருக்க விரும்புகிறவருக்கு, இது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. சேவையாளரிடம் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

முறைகளின் பட்டியலை நம் வாசகர்களுக்கு நீட்ட வேண்டியதில்லை. நிலைப்பாட்டை மட்டும் சொல்கிறோம். கடைசியாக மாறிய நேரத்தை வைத்து வரிகளைப் பொறுக்கும் முறை, சேர்ப்பு மட்டுமே நடக்கும் டேபிள்களுக்கு அப்பால் வேண்டாம். டெலீட் அதற்குத் தெரியாது. நேர முத்திரை 10:00க்கு விழுந்து கமிட் 10:05க்கு நடந்த வரியை, 10:02க்கு ஓடிய குவெரி விட்டுவிடும். அடுத்த குவெரியும் திரும்பிப் பார்க்காது. அப்ளிகேஷனே இரண்டு இடத்திலும் எழுதும் முறையை ஏற்க மாட்டோம். இரண்டுக்கும் பொதுவான கமிட் இல்லாத இடத்தில் ஒன்று வெற்றி பெற்று மற்றது தோற்பது எப்போது என்பதுதான் கேள்வி. ட்ரிகர் முறையைப் பழையது என்று தள்ளுவது இன்றைய வழக்கம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கூடுதலாக ஓர் எழுத்துச் சுமை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு யாருடைய தயவும் வேண்டாம். சிமெட்ரிக்டிஎஸ் போன்ற கருவிகள் இன்றும் அப்படித்தான் இயங்குகின்றன. இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம். மற்றபடி பெரும்பாலான வேலைகளுக்கு லாக் வழி முறையே சரி. லாகை வாசிக்க முடிந்தால்.

ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரஸுக்குப் போவதுதான் நம்மிடம் அதிகம் வரும் கேள்வி என்பதால் கடிக்கும் இடங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். ஓர் எஸ்சிஎன்னைக் குறித்துக்கொண்டு ஃப்ளாஷ்பேக்கில் டம்ப் எடுத்து, அதே எஸ்சிஎன்னிலிருந்து மாற்றங்களை ஓட்டுவது பாடப்புத்தக வழி. அந்த எஸ்சிஎன்னுக்கு முன்பே தொடங்கி, பிறகு கமிட் ஆன நீண்ட பரிவர்த்தனையின் முன்பாதி டம்பிலும் இருக்காது, மாற்ற ஓட்டத்திலும் இருக்காது. திறந்திருக்கும் பரிவர்த்தனைகளில் மிகப் பழையது எங்கே தொடங்கியது என்று பார்த்து, அங்கிருந்து லாகைப் பிடியுங்கள். அண்டூ போதாமல் 1555 பிழையில் டம்ப் விழும் அளவுக்கு டேபிள் பெரிதென்றால், நெட்ஃபிளிக்ஸின் டிபிலாக் காட்டிய வாட்டர்மார்க் வழியைப் பாருங்கள். டெபீசியம் அதைத்தான் இன்கிரிமெண்டல் ஸ்னாப்ஷாட்டாகத் தருகிறது. நோலாகிங்கில் டைரக்ட் பாத் லோடு ஓடும் ராத்திரி பேட்ச் ஜாப்களைத் தேடிப் பிடித்து, ஃபோர்ஸ் லாகிங்கை இயக்குங்கள். பிரைமரி கீ இல்லாத டேபிளில் எல்லாப் பத்திகளுக்கும் சப்ளிமெண்டல் லாகிங் வேண்டும்; ரீடூ பெருகும், அதற்கு டிஸ்க் ஒதுக்குங்கள். வெற்று ஸ்ட்ரிங் ஆரக்கிளில் நல், போஸ்ட்கிரஸில் அல்ல. செக்சம் ஒப்பீட்டில் இது ஆயிரக்கணக்கான பொய் வேறுபாடுகளாக வந்து நிஜ வேறுபாட்டை மறைக்கும். சீக்வென்ஸ்களைக் கட்ஓவரின்போது கையால் முன்தள்ளி வைக்க வேண்டும்.

நம் மொழிக்கே உரிய பொறி ஒன்றும் உண்டு. ஒற்றை பைட் கேரக்டர் செட் உள்ள பழைய ஆரக்கிளில் டிஸ்கி, டாப் போன்ற எழுத்துக் குறியீடுகளில் தமிழை நுழைத்து வைத்த அமைப்புகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். கிளையண்டும் சர்வரும் ஒரே கேரக்டர் செட்டைச் சொல்லிக்கொண்டதால் பைட்டுகள் மாறாமல் போய்வந்தன, ஃபாண்ட் மீதியைப் பார்த்துக்கொண்டது. ரெப்ளிகேஷன் கருவி நேர்மையாக அதை யூடிஎஃப்-8க்கு மாற்றும். பெயர்ப் பத்தி முழுக்க மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாக வந்து நிற்கும். கருவியை மாற்ற விடாமல் மூல பைட்டாக எடுத்து, நடுவில் நம் சொந்த அட்டவணையால் யூனிகோடாக்க வேண்டும். மூலம் விண்டோஸ் 1252 என்றால் இன்னும் கவனம். அதில் 5 பைட்டுகளுக்கு வரையறையே இல்லை. கருவி மாற்றிவிட்ட பிறகு அவற்றை மீட்க முடியாமல் போகலாம்.

இவையெல்லாம் திறமையால் தீரும் பிரச்சினைகள். திறமையால் தீராத ஒன்றுக்கு வருவோம்.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் தெரியும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அதிலிருந்து கணக்குவாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. தரவுத்தளத்தில் டேபிள்கள் பேரேடு, ரீடூ லாக் குறிப்பேடு. பேரேடு தீயில் போனாலும் குறிப்பேடு இருந்தால் திரும்ப எழுதிவிடலாம். இந்தக் குறிப்பேட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் வாடிக்கையாளரின் வியாபாரம். அதை அவரே வாசிக்கத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற நிலையை நம் தொழில் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது. இவ்விதழ் இதைப் பல முறை எழுதியிருக்கிறது. சலிப்பாக இருந்தாலும் மீண்டும் எழுதுவோம்.

வரலாறு நீளமானதல்ல. கோல்டன்கேட் நிறுவனத்தை ஆரக்கிள் 2009இல் வாங்கியது. அதற்கு முன்பு ஆரக்கிள் தரவுத்தளத்துக்குள்ளேயே மாற்றங்களை எடுக்கப் பல கதவுகள் இருந்தன. 12.1இல் சேஞ்ச் டேட்டா கேப்ச்சர் போனது. 12.2இல் அட்வான்ஸ்டு ரெப்ளிகேஷன் போனது. 19சியில் ஸ்ட்ரீம்ஸ் போனது. மூன்றுக்கும் மாற்றாக ஆவணங்கள் காட்டியது கோல்டன்கேட்டைத்தான். அதே 19சியில் லாக்மைனரின் கன்டினியுவஸ் மைன் வசதியும் எடுக்கப்பட்டது. எக்ஸ்ஸ்ட்ரீம் இருக்கிறதே என்றால், அதற்கும் கோல்டன்கேட் லைசென்ஸ் வேண்டும். மிச்சமிருப்பது வெறும் லாக்மைனர். கருவி ஒவ்வொரு லாகாகத் தானே சேர்த்து, செஷனை மூடித் திறந்து, மூடித் திறந்து ஓட வேண்டும். 19சியில் 30 எழுத்தைத் தாண்டிய டேபிள் பெயர்களை லாக்மைனர் கையாளாது. 128 பைட் வரை பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று 12.2இல் அனுமதித்ததும் இதே ஆரக்கிள்தான்.

தொழில்நுட்பத்தால் வந்த கட்டாயம் இது என்று யாரும் சொல்ல வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லின் பின்லாக் வடிவம் பொதுவில் விளக்கப்பட்டிருக்கிறது. யாரும் வாசிக்கலாம், பலர் வாசிக்கிறார்கள். சன் நிறுவனத்தோடு 2010இல் மைஎஸ்க்யூஎல்லையும் சேர்த்து வாங்கியது ஆரக்கிள்தான். போஸ்ட்கிரஸ் 2014இல் 9.4 பதிப்பில் லாஜிக்கல் டிகோடிங்கைத் தந்தது; 2017இல் 10ஆம் பதிப்பு ரெப்ளிகேஷனையே உள்ளே கொண்டுவந்தது. எஸ்க்யூஎல் சர்வரில் சேஞ்ச் டேட்டா கேப்ச்சர் நெடுங்காலம் என்டர்பிரைஸ் எடிஷனுக்கு மட்டுமே இருந்தது. 2016 எஸ்பி1இல் அது ஸ்டாண்டர்டுக்கும் வந்தது. திறக்க மனமிருந்தால் திறக்கலாம் என்பதற்கு இவ்வளவு சான்றுகள் போதும்.

மேனேஜ்டு சேவைகளில் நிலைமை வேறு விதத்தில் இறுகுகிறது. அமேசான் ஆர்டிஎஸ்ஸில் ஓடும் போஸ்ட்கிரஸின் வால் கோப்புகள் நம் கைக்கு வராது. வெளியே இருக்கும் சர்வருக்கு ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் வைக்க முடியாது. லாஜிக்கல் வழி மட்டும் திறந்திருக்கிறது, அதுவும் பாராமீட்டரை மாற்றி ரீபூட் செய்த பிறகு. டிடிஎல் வராது, லார்ஜ் ஆப்ஜெக்ட் வராது. ஸ்லாட்டை வாசிக்கிற கருவி நின்றுபோனால் வால் தேங்கி டிஸ்க் நிரம்பும். திறந்த மூல மென்பொருளையே ஓட்டினாலும், அதன் குறிப்பேடு வேறொருவர் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பூட்டைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? எக்ஸ்போர்ட் செய்யக்கூடிய தரவு என்பதற்கு அது தரும் வரையறையில் வாடிக்கையாளர் உள்ளிட்டது, வெளிவந்தது, அவர் பயன்பாட்டால் நேரடியாகவோ மறைமுகமாகவோ உருவான மெட்டாடேட்டா எல்லாம் அடங்கும். படித்தவுடன் லாகும் அடங்கும் என்றுதான் தோன்றும். அடுத்த மூச்சிலேயே, அறிவுசார் சொத்துரிமையால் காக்கப்பட்டதும் வணிக ரகசியமானதும் விலக்கு என்கிறது. ரீடூவில் இருக்கும் மதிப்புகள் வாடிக்கையாளருடையவை. அவற்றை அடுக்கிய வடிவம் நிறுவனத்தினுடையது. எந்தப் பக்கம் விழும் இது? கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் விவாதித்து இயற்றிய சட்டத்தில் இதற்கு ஒரு வாக்கியம் இல்லை. 30 நாளுக்கும் 14 வேலை நாளுக்கும் இடம் ஒதுக்கியவர்களுக்கு, ஓடும் தரவுத்தளத்தின் மாற்ற ஓட்டம் என்ற ஒன்று இருப்பது தெரியாதா? அல்லது தெரிந்தவர்கள் யாரும் அந்த அறைக்குள் அழைக்கப்படவில்லையா? போதாதற்கு, சட்டத்தில் மாறுதல் பற்றிய அத்தியாயம் கிளவுட் சேவைகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. சொந்த டேட்டா சென்டரில் லைசென்ஸ் வாங்கி ஓட்டும் ஆரக்கிளை அது தொடவே இல்லை. பூட்டு மிக இறுக்கமாக இருப்பது அங்கேதான்.

ஐரோப்பாவாவது பாதி தூரம் வந்தது. நம் நாட்டில்? ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரல் 10இல் ஐடி சேவை அவுட்சோர்சிங் குறித்த முதன்மை நெறிமுறையை வெளியிட்டது. அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வெளியேறும் உத்தி வேண்டும் என்கிறது. பழைய சேவையாளர் புதியவரோடு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஒத்துழைப்பு என்றால் ஒரு ஹார்டு டிஸ்க்கில் டம்பைப் போட்டுக் கொடுப்பதா, ஆர்க்கைவ் லாகை வாசிக்க யூசர் திறந்து கொடுப்பதா? இந்தக் கேள்வியை நெறிமுறை எழுப்பவில்லை. வங்கிக்குள் நெறிமுறையைச் செயல்படுத்தும் குழுவும் எழுப்பாது. உத்தி என்ற தலைப்பில் நாலு பக்கக் கோப்பு இருந்தால் ஆடிட்டில் டிக் விழுந்துவிடும்.

அரசு டெண்டர்களின் கதை இன்னும் மோசம். ஜீரோ டவுன்டைம் என்று ஒரு வரி, 100 சதவீத டேட்டா மைக்ரேஷன் என்று ஒரு வரி, தாமதத்துக்கு வாரவாரம் அபராதம் என்று ஒரு பக்கம். மூலத் தரவுத்தளத்தில் சப்ளிமெண்டல் லாகிங்கை இயக்க யார் ஒப்புதல் தருவார்கள்? லாக் வாசிக்கும் கருவிக்கு லைசென்ஸ் யார் கணக்கு? ஏற்கெனவே அந்த அமைப்பைப் பராமரித்துவரும் நிறுவனம், தானே வேலையை இழக்கப்போகும் நிறுவனம், பெர்ஃபார்மன்ஸ் பாதிக்கும் என்று சொல்லி அனுமதியை இழுத்தடித்தால் யாரிடம் முறையிடுவது? ஆவணத்தில் பதில் இல்லை. குறைந்த விலைக்கு எடுத்தவர் கடைசியில் ஒரு நீண்ட வார இறுதியைப் பார்த்து, அமைப்பை நிறுத்தி, டம்ப் எடுத்து ஏற்றுகிறார். ஜீரோ டவுன்டைம் என்று எழுதிய அதே அலுவலகம் பராமரிப்புப் பணி அறிவிப்பை ஒட்டுகிறது. அபராதம் மட்டும் பொறியாளர் குழுவின் தலையில் விழுகிறது. முறையைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் முறையின் விளைவுக்குக் கணக்குக் கேட்பது எந்த நியாயம்?

இடமாற்ற முறையை ஒழுங்குமுறை அமைப்புகள் கவனிக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்துக்கு ஒரே வீச்சில் மாற்றியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது என்று அந்நாட்டு நிதி நடத்தை ஆணையமே பிறகு சொன்னது. தளம்தான் உடனே தடுமாறியது. வங்கி முழுமையாக வழக்க நிலைக்குத் திரும்ப அந்த டிசம்பர் ஆனது. 2019 நவம்பரில் வெளியான ஸ்லாட்டர் அண்ட் மே நிறுவனத்தின் அறிக்கை, பெரும்பாலும் ஒரே நிகழ்வாக மாற்றுவது என்ற முடிவையே கேள்விக்கு உள்ளாக்கியது. 2022 டிசம்பரில் அந்த ஆணையமும் இன்னொரு ஒழுங்குமுறை அமைப்பும் சேர்ந்து விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. தரவு முழுதாகப் போய்ச் சேர்வது வெற்றிக்குப் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பழைய இடத்துக்குத் திரும்பிவர வழி இருக்க வேண்டும். கட்ஓவருக்குப் பிறகு புதிய அமைப்பில் நடக்கும் மாற்றங்கள் பழையதற்கும் போய்க்கொண்டிருந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும். அதாவது, போய்ச்சேரும் தரவுத்தளத்தின் லாகையும் நாம் வாசிக்க முடிய வேண்டும். எதிர்த்திசையை நினைக்காமல் இலக்கைத் தேர்ந்தெடுப்பவர் பழைய பூட்டிலிருந்து புதிய பூட்டுக்கு மாறுகிறார், அவ்வளவே.

ஆகவே அதிகாரிகள் விழிக்கும் வரை காத்திராமல் நாம் செய்ய வேண்டியவை உள்ளன. புதிய ஒப்பந்தம் எதுவானாலும் மூன்று வரிகளைக் கேளுங்கள். மாற்றப் பதிவைக் கமிட் வரிசையில், கூடுதல் லைசென்ஸ் இல்லாமல், வாடிக்கையாளர் நியமிக்கும் கருவி வாசிக்கலாம் என்பது ஒன்று. முன்னறிவிப்புக்கு முன்னும் கட்ஓவருக்குப் பின்னும் ரெப்ளிகேஷன் ஓடும் காலம் மாறுதலின் பகுதியாகவே கருதப்படும் என்பது இரண்டு. சப்ளிமெண்டல் லாகிங், ஸ்லாட், ஆர்க்கைவ் தக்கவைப்பு ஆகியவற்றுக்கான அனுமதி எத்தனை வேலை நாளில் தரப்படும் என்பது மூன்று. டெண்டருக்கு முந்தைய கூட்டங்களில் இவற்றை எழுத்தில் கேள்வியாகக் கொடுங்கள். பதில் வராவிட்டாலும் கேள்வி கோப்பில் இருக்கும். பின்னால் அபராதம் பேசும்போது அந்தக் காகிதம் உதவும்.

கையெழுத்தாகிவிட்ட பழைய ஒப்பந்தங்களில், லாக் பூட்டிக் கிடந்தால், லாக்மைனரோடு மல்லுக்கட்டுவதற்கு முன் ட்ரிகரை மறுபடி எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான அமைப்புகளில் நாள் முழுக்கக் கொதிக்கும் டேபிள்கள் சில டஜன்தான். அவற்றுக்கு ட்ரிகர், அசையாத வரலாற்று டேபிள்களுக்கு முன்கூட்டியே டம்ப், சேர்ப்பு மட்டும் நடப்பவற்றுக்கு நேர முத்திரைக் குவெரி என்று கலந்து அமைப்பது அழகாக இருக்காது. ஆனால் யாரிடமும் அனுமதிக்குக் கையேந்த வேண்டியிராது. சுமையை உற்பத்தி நிலையில் அளந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். ட்ரிகர் மெதுவானது என்று கேள்விப்பட்டதை வைத்து வேண்டாம்.

2027 ஜனவரிக்குப் பிறகு எக்ரெஸ் கட்டணம் இல்லை என்ற விளம்பரங்கள் நிறைய வரும். கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024இன் தொடக்கத்திலேயே வெளியேறுகிறவர்களுக்கு அந்தச் சலுகையை அறிவித்துவிட்டன. கட்டணம் போவதால் மட்டும் கதவு திறந்துவிடாது. இடமாற்றத் திட்டம் எழுதும்போது கருவியின் பெயரை எழுதும் முன், மூலத்தின் லாகையும் இலக்கின் லாகையும் யார், எந்த உரிமத்தில், எத்தனை நாளுக்கு வாசிக்கலாம் என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் மேலதிகாரியின் கையெழுத்து வாங்காமல் கட்ஓவர் தேதியைச் சொல்லாதீர்கள்.